கதவில் சிரிக்கும் படம்

யூட்லாந்து, டென்மார்க்
16 பிப்ரவரி 1998

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீங்களும் பெனா அத்தையும் சுகம்தானே? முழங்காலுக்குத் தைலம் தேய்க்க மறக்க வேண்டாம்.

வந்து சேர்ந்த அன்று தொலைபேசியில் இருவரும் மூச்சுவிடும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். அதற்குக் கடிதமே மேல் என்று நீங்கள் சொன்னது சரி.

சோபியாவிலிருந்து பஸ்ஸில் வந்தோம். கடைசியில் பஸ்ஸையே கப்பலில் ஏற்றினார்கள். வகுப்பு முழுக்க மேல்தளத்துக்கு ஓடியது. க்ரூம், "டேய், பாலைக் கொட்டினா தயிராயிடும் போல, அவ்ளோ புளிச்ச கடல்டா!" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். நான் பார்த்தேன். சாம்பல் நிறமாக இருந்தது. திரும்பி வந்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன்.

நாங்கள் பயிற்சி பெறும் பால்பண்ணைப் பள்ளி சுத்தமாக இருக்கிறது. தொட்டிகள் எல்லாம் எஃகு. எங்களுக்கு வெள்ளை பூட்ஸ் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு. எனக்கு இங்கர், பவுல் என்ற தம்பதியின் வீடு. மாடு வைத்திருக்கிறார்கள். இங்கர் முதல் நாளே, இருவருக்கும் தெரிந்த ஜெர்மனில், "உங்க அம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டார். "ரொட்டிக் கடையில வேலை பாக்கறாங்க" என்றேன். அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

மிலேவா டீச்சர் எல்லாரையும் 'வெளிநாட்டில் என் முதல் அனுபவம்' என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார். நம் பள்ளிச் சுவரில் ஒட்டுவார்களாம். எனக்கு எழுத ஒன்றும் வரவில்லை.

கல்லறையில் போட்ட பூ வாடுமுன் பஸ் ஏறிவிட்டேன் என்று அத்தைக்கு இருந்த கோபம் குறைந்ததா? நீங்கள் போ என்றீர்கள், நான் வந்தேன்.

உங்கள் மகள்,
நெவேனா

*

தெத்தெவென்
27 பிப்ரவரி

அன்பு மகள் நெவேனாவுக்கு,

உன் கடிதம் கண்டு நிம்மதி. இங்கே நான் சுகம். முழங்கால் அதன் பாட்டுக்கு இருக்கிறது. பனி இன்னும் கூரையை விட்டு இறங்கவில்லை.

எழுத ஒன்றும் வரவில்லை என்கிறாய். ஒரு உதாரணம் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஐந்தாம் வகுப்பில் வரைபடத்துக்கு வண்ணம் பூசச் சொன்னேன். ஒரு பையன் கடலை மட்டும் வெள்ளையாகவே விட்டுவிட்டான். "ஏன்டா?" என்றேன். "நான் பாத்ததில்லையே சார்" என்றான். அவனுக்கு முழு மதிப்பெண் போட்டேன். நீயும் பக்கத்தை வெறுமையாகவே கொடுத்துவிடு. மிலேவா கோபித்தால் நான் பேசிக்கொள்கிறேன். அவளும் என்னிடம் படித்தவள்தான்.

அக்காவின் கோபம் உன் மேல் இல்லை. நேற்று வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்துகொண்டு, "டேய் தோப்ரி, அந்தப் பொண்ணு ஒரு சொட்டுக் கண்ணீர் விடலடா. அன்னைக்குக்கூட, வந்தவங்களுக்குக் காபி ஊத்திக்கிட்டே நின்னா. ஒருநாள் பொட்டுன்னு உடைஞ்சா யாரு பிடிக்கறது, அந்த டேனிஷ்காரியா?" என்றாள்.

இங்கர் அம்மாளிடம் நீ சொன்னதைப் படித்தேன். வாய் பழக்கத்தில் வந்திருக்கும். சரியாகச் சொல்லிவிட்டாய் என்று அடுத்த கடிதத்தில் எழுதுவாய். காத்திருக்கிறேன்.

குளிரில் காதை மூடிக்கொள்.

அப்பா

*

யூட்லாந்து
12 மார்ச்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் சௌக்கியம். நீங்கள் சரியாகச் சாப்பிடுகிறீர்களா என்று எழுதவில்லையே.

வெறும் பக்கத்தையே கொடுத்தேன். மிலேவா டீச்சர் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்.

இங்கே தினமும் சுவைப் பாடம் உண்டு. ஆறு தட்டில் ஆறு வெள்ளை சீஸ். உப்பு எது அதிகம், எது இன்னும் பழுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். ஊரில் இதில் நான்தான் முதல் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே எனக்கு ஆறும் ஒன்றுபோல் இருக்கின்றன. வாயில் ஈரமாக ஏதோ இருக்கிறது, அவ்வளவுதான். ஆசிரியர் என்னைப் பார்த்தார். "மூணாவது" என்று சும்மா சொன்னேன். தவறு. க்ரூம் காதருகில் வந்து, "இவனுங்க சீஸ் சாக்பீஸ் மாதிரிதான் இருக்கு, உன் மேல தப்பு இல்லடி" என்றான். ஆனால் அவன் ஆறையும் சரியாகச் சொன்னான்.

நீங்கள் கேட்டதற்கு: இங்கரிடம் சொல்ல வேளை வரவில்லை. அவர் தினமும் மாலையில் அம்மாவைப் பற்றித்தான் கேட்கிறார். அம்மா என்ன ரொட்டி சுடுவாங்க, அம்மாவுக்கு என்ன நிறம் பிடிக்கும். நான் பதில் சொல்கிறேன். எல்லாம் உண்மையான பதில்கள்தான். காலம் மட்டும்தான் தவறு.

அத்தைக்கு என் வணக்கம்.

நெவேனா

*

தெத்தெவென்
20 மார்ச்

என் அன்பு நெவேனா,

நீ சௌக்கியம் என்று எழுதியதை இரண்டு முறை படித்தேன். நானும் சௌக்கியம். சாப்பாட்டுக்கு என்ன, அக்கா கொண்டுவந்து கொட்டுகிறாள்.

நாற்பதாம் நாள் முடிந்தது. கோதுமை வேகவைத்து, சர்க்கரை தூவிக் கல்லறையில் எல்லாருக்கும் கொடுத்தோம். ரொட்டிக் கடைக்காரர்கள் அன்று கடையை மூடிவிட்டு வந்தார்கள். முதலில் ஒட்டிய அஞ்சலித் தாள்கள் மழையில் ஊறிக் கிழிந்திருந்தன. நாற்பதுக்குப் புதிதாக அச்சடித்து நம் கதவிலும், கடையிலும், பஸ் நிறுத்தத்திலும் ஒட்டினேன். அக்கா தாளில் சிலுவை போடச் சொன்னாள். "அவளே எந்தக் காலத்துல கோயிலுக்குப் போனா?" என்றேன். சிலுவை இல்லாமல், உன் அம்மா கடைச் சுற்றுலாவில் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தைப் போட்டுவிட்டேன்.

நாக்கைப் பற்றி எழுதியிருந்தாய். பல் டாக்டர் ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகும் இல்லையா? உடனே எதையும் மெல்லாதே என்பார். மென்றால் நம் கன்னத்தை நாமே கடித்துக்கொள்வோம், வலிக்கவும் வலிக்காது. ரத்தம் வந்த பிறகுதான் தெரியும். அதனால் அவசரப்படாதே. ஆனால் எதைக் கடிக்கிறாய் என்பதில் கவனமாக இரு.

இங்கர் அம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல். வேறொன்றும் கேட்கவில்லை.

அப்பா

*

யூட்லாந்து
2 ஏப்ரல்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே மழை. நான் நன்றாக இருக்கிறேன். உங்களுக்கு இருமல் வரும் மாதம் இது, பார்த்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் எங்களை வெண்ணெய்த் தொழிற்சாலைக்குக் கூட்டிப்போனார்கள். பெரிய கட்டடம். மனிதர்கள் குறைவு. பிறகு ஒரு அருங்காட்சியகம். பிறகு ஒரு பாலம். பாலத்தில் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டோம். படத்தில் நான் இருக்கிறேன்.

இங்கர் பச்சை நிறத்தில் ஒரு கம்பளிச் சட்டை பின்னத் தொடங்கியிருக்கிறார். யாருக்கு என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை. அளவு தெரியவேண்டும் என்று என்னை எழுந்து நிற்கச் சொல்லி, "உங்க அம்மா உன்னைவிடக் குண்டா, ஒல்லியா?" என்றார். "கொஞ்சம் குண்டு" என்றேன்.

நம் வீட்டையும் ஆட்களையும் பார்க்க ஆசையாம். ஒரு படம் அனுப்பச் சொல்லுகிறார். முடிந்தால் அனுப்புங்கள்.

நெவேனா

*

தெத்தெவென்
26 ஏப்ரல்

அன்பு மகளுக்கு,

பதில் தாமதம். ஈஸ்டர் வந்தது, போனது. நீ உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். எனக்கு இருமல் இல்லை. எல்லாம் வழக்கம்போல.

நீ கேட்ட படம் இத்துடன் இருக்கிறது. பக்கத்து வீட்டு மரின் எடுத்தான். "வாத்தியாரே, கொஞ்சம் சிரிங்க, பரீட்சைப் பேப்பர் திருத்தற மூஞ்சியா இருக்கு" என்றான். எத்தனை முறை எடுத்தும் அப்படியேதான் வந்தது. நான் வாசற்படியில் நிற்கிறேன். பின்னால் கதவு. ஜன்னலில் உன் செடி, அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். வீடு நன்றாகத் தெரிகிறது. இங்கர் அம்மாளுக்குக் கொடு.

கம்பளிச் சட்டை பற்றி எழுதியதையும் படித்தேன்.

அப்பா

*

யூட்லாந்து
9 மே

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? நான் இருக்கிறேன்.

படம் வந்தது. பார்த்தேன். நம் வீடு, நீங்கள், என் செடி. எல்லாம் சரியாக இருந்தது. அப்படியே கொண்டுபோய் இங்கர் கையில் கொடுத்தேன். அப்பா, எனக்குத் தோன்றவே இல்லை. நம் தெருவில் எந்தக் கதவில் அஞ்சலித் தாள் இல்லை? கதவென்றால் அதில் தாளும் இருக்கும். உங்களுக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

ஞாயிறு மதியம். க்ரூமும் சாப்பிட வந்திருந்தான். இங்கர் கண்ணாடி போட்டுக்கொண்டு படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். உங்கள் தோளுக்குப் பக்கத்தில் கதவில் அம்மா சிரிக்கிறாள். என் படுக்கைக்கு அருகில் நான் வைத்திருக்கும் படத்தில் இங்கர் தினமும் பார்க்கும் அதே முகம். எழுத்து நம் எழுத்து, அவருக்குப் படிக்க வராது. மார்ச்சில் இங்கே தேர்தல் நடந்தபோது விளக்குக் கம்பமெல்லாம் இப்படித்தான் முகங்கள் தொங்கின.

"நெவேனா! உங்க அம்மா தேர்தல்ல நிக்கறாங்களா? சொல்லவே இல்லையே!"

க்ரூமின் கரண்டி தட்டில் விழுந்தது.

"ஆமா" என்றேன்.

"எதுக்கு? நகர சபைக்கா?"

"ஆமா."

"ஜெயிச்சிடுவாங்களா?"

"தெரியல."

பவுல் எழுந்து என் கையைக் குலுக்கினார்.

வெளியே வந்ததும் க்ரூம் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினான். "உனக்குப் பைத்தியமாடி? ஏன் அப்படிச் சொன்ன?"

"கேட்டாங்க, சொன்னேன்."

"உள்ள போய் நான் சொல்லிடட்டுமா?"

"வேணாம்."

"சிரிக்கறதா அழறதான்னே தெரியலடி எனக்கு" என்றான். எனக்கு இரண்டும் தோன்றவில்லை. சைக்கிளுக்குக் காற்று அடித்தேன்.

நெவேனா

*

தெத்தெவென்
21 மே

நெவேனா,

உன் கடிதமும் இன்னொன்றும் ஒரே நாளில் வந்தன. தபால்காரர் வாசலில் தயங்கி நின்றார். "வாத்தியாரே, வெசேலா அக்கா பேருக்கு வெளிநாட்டிலேர்ந்து கார்டு. குடுக்கறதா திருப்பறதான்னு தெரியாம தெருவை ரெண்டு சுத்து சுத்திட்டேன்" என்றார். வாங்கிக்கொண்டேன்.

இங்கர் அம்மாள் ஜெர்மன் மொழியில் எழுதியிருக்கிறாள். அகராதி வைத்துப் படித்தேன். முழுவதும் உனக்குச் சொல்கிறேன்: "அன்புள்ள வெசேலா, தேர்தலில் வெற்றி பெற எங்கள் வாழ்த்துகள். பெண்கள் நிற்கத்தான் வேண்டும். உங்கள் மகள் நல்லவள், வேலையில் சுத்தம். ஆனால் குறைவாகச் சாப்பிடுகிறாள். சிரித்து நான் பார்த்ததில்லை. உங்களுக்கு வேலை அதிகம் என்று தெரியும். இருந்தாலும் அவளுக்கு நீங்கள் நாலு வரி எழுதினால் நன்றாயிருக்கும்."

கார்டை மேஜைமேல் வைத்திருக்கிறேன்.

என் ஜெர்மன் மோசமில்லை, நானே பதில் எழுதிவிடலாம். எழுத உட்கார்ந்தேன். பிறகு நிறுத்தினேன். பரீட்சையில் பையன்கள் என் முகத்தையே பார்ப்பார்கள், நான் உதட்டையாவது அசைப்பேனா என்று. விடை எனக்குத் தெரியும்தான். நான் சொன்னால் அது என் விடை, அவன் வெறும் கையோடு வெளியே போவான். இதுவும் அப்படித்தான். இங்கர் அம்மாளிடம் நீதான் சொல்ல வேண்டும். அந்த நாளிலிருந்து நீ யாரிடமும் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். சொல், மகளே. கம்பளிச் சட்டை முடியுமுன் சொல்லிவிடு.

கதவில் தாள் இருந்தது எனக்கும் தோன்றவில்லை. உண்மைதான்.

அப்பா

*

யூட்லாந்து
30 மே

அப்பா,

நான் சுகம். போதுமா?

உங்கள் கடிதங்களை எல்லாம் கட்டிலில் பரப்பிப் பார்த்தேன். 'அந்த நாள்' என்கிறீர்கள். 'நாற்பது' என்கிறீர்கள். வரைபடப் பையன் வருகிறான், பல் டாக்டர் வருகிறார், பரீட்சை வருகிறது. என்னைச் சொல்லச் சொல்லும் அந்த ஒரு வார்த்தை மட்டும் எந்தக் கடிதத்திலும் இல்லை. நீங்கள் யாரிடம் சொன்னீர்கள்? அச்சகத்தில் ஐம்பது தாள் அடித்து ஊரெல்லாம் ஒட்டினீர்கள். அது தாள் சொன்னது.

மண் காயுமுன் என்னை ஏன் பஸ் ஏற்றினீர்கள்?

இந்த வரியை எழுதும்போது பேனா அழுந்தித் தாள் கிழிந்துவிட்டது. எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

நெவேனா

*

யூட்லாந்து
7 ஜூன்

அன்புள்ள அப்பாவுக்கு,

போன கடிதம் உங்களைப் புண்படுத்தியிருக்கும். அதற்குப் பதில் வருமுன் இதை எழுதுகிறேன்.

நேற்று இங்கர் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். சட்டைக்கு ஒரு கைதான் பாக்கி. "தேர்தல் என்னைக்குன்னு சொன்ன?" என்றார்.

"தேர்தல் இல்ல" என்றேன். "எங்க ஊர்ல யாராவது செத்துட்டா கதவுல அந்த மாதிரி ஒட்டுவோம்."

"ஐயோ. யாரு செத்தது?"

"படத்துல இருக்கறவங்க."

கத்தி அவர் கையில் அப்படியே நின்றது. "எப்ப?"

"இங்க வர்றதுக்கு முன்னாடி."

அவர் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, அப்பா. கையைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய், "பவுல்! கொடியை ஏத்து, பாதிக் கம்பத்துக்கு!" என்றார். இங்கே எல்லார் தோட்டத்திலும் ஒரு கொடிக்கம்பம் உண்டு. வீட்டில் சாவு என்றால் பாதியில் நிறுத்துவார்கள்.

பவுல் விவரம் கேட்டுவிட்டு, "அது நடந்து நாலு மாசம் ஆச்சே?" என்றார்.

"சேதி நம்ம வீட்டுக்கு இன்னைக்குத்தானே வந்திருக்கு. ஏத்து."

ஏற்றினார். பால் வண்டிக்காரர் நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "யாரு போனது? பவுலோட அண்ணனா?" நான் இங்கரைப் பார்த்தேன். "உன் அம்மா. நீதான் சொல்லணும்" என்று அவர் ஒதுங்கி நின்றார். "என் அம்மா" என்றேன். வண்டிக்காரர் தொப்பியைக் கழற்றினார். பிறகு சைக்கிளில் ஒரு கிழவர். பிறகு குழந்தையோடு ஒரு பெண். இந்த ஊரில் பாதிக் கொடியைப் பார்த்துவிட்டு யாரும் சும்மா போகமாட்டார்கள் போலிருக்கிறது. வந்து வந்து கேட்டார்கள். அவர்கள் பாஷையில் சொல்வது பாடம் ஒப்பிப்பது போலத்தான் இருந்தது. சொல்லிக்கொண்டே இருந்தேன்.

க்ரூம் மூச்சிரைக்க ஓடி வந்தான். பவுலுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறான். "என்னடி ஆச்சு? யாருக்கு?"

அவனிடம் நம் பாஷையில் சொல்ல வேண்டியிருந்தது. "எங்க அம்மா செத்துட்டாங்க, க்ரூம்."

அவனுக்குத் தெரியாதா என்ன? அன்று என் பக்கத்தில் நின்றவன்தானே. ஆனாலும் இப்போதுதான் கேள்விப்படுகிறவன் போல முகம் மாறி, புல்லில் உட்கார்ந்துவிட்டான். நானும் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு நடந்ததை எழுத வரவில்லை. இங்கரின் மேல்துணி முழுக்க நனைந்துவிட்டது. க்ரூம் யாரையோ அனுப்பி மிலேவா டீச்சரைக் கூட்டிவந்தான். சாயங்காலம் பவுல் கொடியை உச்சிவரை ஏற்றிவிட்டு இறக்கினார். அடக்கம் முடிந்தால் அப்படிச் செய்வார்களாம்.

இன்று தலை வலிக்கிறது. கண் எரிகிறது. பசிக்கிறது.

அப்பா, அம்மா செத்துட்டாங்க.

நெவேனா

*

தெத்தெவென்
16 ஜூன்

நெவேனா,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. முதலாவதற்கு நான்கு முறை பதில் எழுதிக் கிழித்தேன். இரண்டாவதை வாசலிலேயே நின்று படித்தேன்.

படித்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. காய்கறிக்கார கென்சோ வழக்கம்போல, "எப்படி இருக்கீங்க வாத்தியாரே?" என்றான். தினமும் கேட்பான், தினமும் நல்லா இருக்கேன் என்பேன்.

"வெசேலா செத்துட்டாய்யா, கென்சோ" என்றேன்.

"என்ன வாத்தியாரே, தெரியாதா எனக்கு? பெட்டியில ஒரு பக்கம் நான்தானே தூக்கினேன்."

"உனக்குத் தெரியும்யா. நான் இன்னும் சொல்லலயே."

அவன் என்னைப் பார்த்தான். வெங்காய மூட்டையை நகர்த்தி என்னை உட்காரவைத்தான். என்னிடம் படித்தவர்கள் பாதிப் பேர் அந்தத் தெருவில் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் அழுதேன். ஒருத்தி தன் குழந்தையின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள். யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள், அக்கா செருப்பைக்கூட மாற்றாமல் வந்து நின்றாள். "அழுடா. இப்பவாவது அழு" என்றாள்.

ஆமாம், மகளே. அம்மா செத்துவிட்டாள்.

நான் நன்றாக இல்லை. ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அக்கா கொண்டுவருவதைப் பக்கத்து வீட்டு நாய் தின்கிறது. படுக்கையறைக்குள் இன்னும் போகவில்லை, சமையலறை பெஞ்சில்தான் தூங்குகிறேன். இதையெல்லாம் உனக்கு எழுதாமல் விட்டேன்.

மண் காயுமுன் ஏன் அனுப்பினேன் என்று கேட்டாய். உன் படிப்புக்காக என்று அக்காவிடம் சொன்னேன். பள்ளியிலும் அப்படித்தான் சொன்னேன். அது காரணமில்லை. வீட்டில் இருவரும் இருந்தால் யாராவது ஒருவர் அதைச் சொல்லியாக வேண்டியிருக்கும்.

பஸ் வரும் அன்று சோபியாவில் நிற்பேன். வா.

அப்பா